ஓடும் காரில் ரிவர்ஸ் விழுந்துவிட்டால்

17 வருஷம் கிளட்ச் மிதித்துப் பழகிய இடது கால் என்னுடையது. ஆட்டோமேட்டிக் கார் கைக்கு வந்த பதினோராம் நாள் அது தன் வேலையைக் காட்டிவிட்டது.

வளைவு முடிந்து சாலை நேராகும் இடம். வேகம் 35 இருக்கும். பழைய காராக இருந்தால் அங்கேதான் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றுவேன். பக்கத்தில் மகள் பள்ளிக்கூடத்தில் நடந்த சண்டையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். காது கதையில் இருந்தது, கையும் காலும் பழைய காரில் இருந்தன. இடது கால் கிளட்ச் என்று நினைத்துப் பிரேக்கை அமுக்கியது. கை லீவரை இறுகப் பிடித்து முன்னால் தள்ளியது. மேனுவலில் மூன்றாவது கியர் முன்பக்கம்தானே! ஆட்டோமேட்டிக்கில் டிரைவுக்கு முன்பக்கம் இருப்பது நியூட்ரல். அதைத் தாண்டினால் ரிவர்ஸ். சும்மா தள்ளியிருந்தால் லீவர் நியூட்ரலோடு நின்றிருக்கும். இறுக்கிப் பிடித்ததில் லீவரின் பக்கவாட்டுப் பொத்தானும் சேர்ந்து அமுங்கிவிட்டது.

கார் மூக்கைக் குத்திக்கொண்டு குனிந்தது. பீப் பீப் என்று சத்தம். மீட்டரில் டிரைவ் போய், நியூட்ரல் எழுத்து விட்டுவிட்டு மின்னியது. நான் பதறிப்போய் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். எஞ்சின் 4000 ஆர்பிஎம்முக்கு (நிமிஷத்துக்கு 4000 சுற்று) ஏறிக் கத்தியதே தவிர, கார் இழுக்கவில்லை. பின்னால் ஒரு வேன் ஹாரனை அழுத்திப் பிடித்தபடி ஒதுங்கிப் போனது. அன்று நான் செய்ததில் ரிவர்ஸ் போட்டதுதான் சின்னத் தப்பு. அதற்கப்புறம் செய்தவை பெரிய தப்புகள்.

கார் என்ன செய்யும்?

இன்றைய ஆட்டோமேட்டிக் கார்களில் பெரும்பாலானவற்றில் ரிவர்ஸ் விழாது. லீவரைத் தள்ளுவது கியரை மாற்றுவது ஆகாது, கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரிடம் ஒரு விண்ணப்பம் போடுவது மாதிரிதான். கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் தண்டு எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதை ஒரு சென்சார் எண்ணிக்கொண்டே இருக்கும். கார் நடை வேகத்துக்கு மேல் முன்னால் போகிறது என்று தெரிந்தால், கியர்பாக்ஸுக்குள் ரிவர்ஸைப் பிடிக்கவைக்கும் கிளட்சுக்கு எண்ணெய் அழுத்தத்தை அனுப்பாமல் கம்ப்யூட்டர் நியூட்ரலில் நிறுத்திவிடும். எந்த வேகத்தில் மறுக்கும் என்பது மாடலுக்கு மாடல் மாறும்.

கியர் படிகள் இல்லாமல் பெல்ட்டால் விகிதத்தை மாற்றும் சிவிடியிலும், இரண்டு கிளட்ச் வைத்த டபுள் கிளட்சிலும் இதே கதைதான். கிளட்ச்சைக் கம்ப்யூட்டரே மிதிக்கும் ஏஎம்டி வகையிலும் ஓட்டத்தில் ரிவர்ஸ் ஏறாது. மின்சாரக் காரில் பெரும்பாலும் ரிவர்ஸ் கியர் என்று தனியாக ஒன்றே இல்லை. மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் அதுதான் ரிவர்ஸ். அங்கே தடுப்பது முழுக்க மென்பொருள்தான்.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது, இதைப் பலர் சொல்வதில்லை. கியர்பாக்ஸோடு கேபிளால் இணைத்த லீவர் என்றால், கம்ப்யூட்டர் மறுத்த பிறகும் லீவர் ரிவர்ஸிலேயேதான் உட்கார்ந்திருக்கும். நீங்கள் பிரேக் பிடித்துக் கார் தவழும் வேகத்துக்கு வந்ததும், "சரி, இப்போது போடலாம்" என்று சில கார்கள் அந்தப் பழைய விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டுவிடும். கார் நின்றுவிட்டது என்று பிரேக்கிலிருந்து காலை எடுப்பீர்கள், அது பின்னால் போகும். அதனால், 'கார் பார்த்துக்கொள்ளும்' என்று லீவரை அங்கேயே விட்டுவைக்கக் கூடாது.

அந்த ஐந்து நொடி

முதலில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். கார் இழுக்கவில்லை என்றதும் கால் தானாக இன்னும் அமுக்கப் பார்க்கும், நான் செய்தது அதைத்தான். எஞ்சின் 4000த்தில் கத்திக்கொண்டிருக்கும்போது லீவரை டிரைவுக்கு இழுத்தால் அந்த வேகம் முழுவதும் கிளட்ச் தகடுகள் மேல் ஒரே அடியாக இறங்கும்.

கண் சாலையில் இருக்கட்டும், குனிந்து லீவரைப் பார்க்க வேண்டாம். 35 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்குக் கிட்டத்தட்ட 10 மீட்டர் போகிறது. இரண்டு நொடி குனிந்தால் 20 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிய கணக்கு. லீவரைப் பொத்தான் அமுக்காமல் ஒரு படி பின்னால் இழுத்தால் நேர்கோட்டில் நகரும் பெரும்பாலான லீவர்களில் நியூட்ரலுக்கு வந்துவிடும். எங்கே இருக்கிறது என்பதை மீட்டரில் ஒரு பார்வை பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்தது உங்கள் முடிவு. ஓரம் கட்ட இடம் இருந்தால் நியூட்ரலிலேயே உருட்டிக்கொண்டு, இண்டிகேட்டர் போட்டு, பிரேக்கை மெதுவாக அமுக்கி ஓரமாக நிறுத்துங்கள். ஸ்டீயரிங்கும் பிரேக்கும் வழக்கம்போல வேலை செய்யும், எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இடமே இல்லை, பின்னால் லாரி வருகிறது என்றால் எஞ்சின் சத்தம் இறங்கும்வரை ஒரு நொடி பொறுத்து டிரைவுக்கு இழுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். நடுச்சாலையில் நின்று யோசிப்பதைவிட அது மேல். பின்னால் வருகிறவருக்கு உங்கள் கியர்பாக்ஸ் பிரச்சினை தெரியாது.

பதற்றத்தில் லீவரை இன்னும் முன்னால் தள்ளிப் பார்க்கில் போட்டுவிடுவது இன்னொரு வகைத் தப்பு. பார்க்கில் இருப்பது ஒரு சின்ன இரும்புக் கொக்கி. பல் வைத்த சக்கரத்தில் விழுந்து அதைப் பூட்டும். ஓட்டத்தில் போட்டால் அது பல்லுக்குப் பல் தெறித்து 'டர்ர்ர்ர்' என்று கத்தும். வேகம் நன்றாகக் குறைந்த பிறகு திடீரென்று விழுந்து பூட்டும், இல்லாவிட்டால் உடையும்.

எஞ்சின் அணைந்துவிட்டால்

கம்ப்யூட்டர் இல்லாத பழைய ஆட்டோமேட்டிக்குகள் அப்பாவிகள், சொன்னதைச் செய்துவிடும். அவற்றில் லீவர் ஒரு கம்பி வழியாகக் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் வால்வை நேரடியாக நகர்த்துகிறது. ரிவர்ஸைத் தடுக்கும் ஏற்பாடு இல்லாத வண்டியாக இருந்தால் ரிவர்ஸ் கிளட்ச் உண்மையிலேயே பிடிக்கும். சக்கரங்கள் முன்னால் ஓடிக்கொண்டே கியர்பாக்ஸைத் தலைகீழாகச் சுற்றப் பார்க்கும். அந்த இழுபறியில் எஞ்சின் திணறி அணைந்துபோவது வழக்கம். ஈரச் சாலையில் சக்கரம் பூட்டிச் சறுக்கவும் செய்யும். முன்சக்கரம் இழுக்கிற கார் என்றால் ஸ்டீயரிங்குக்குக் கட்டுப்படாது, பின்சக்கரம் இழுக்கிற கார் என்றால் பின்பக்கம் வீசும். இரண்டுக்கும் மருந்து நியூட்ரல்தான். உடனே நியூட்ரல்.

எஞ்சின் அணைந்தால் இரண்டு விஷயம் மாறும். ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும். திரும்பாது என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டு கையாலும் இழுத்தால் திரும்பும். பிரேக் மிதியை லேசாக்குவது எஞ்சின் உண்டாக்கும் வெற்றிடம், அதில் சேமித்து வைத்தது ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும். அதனால் விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே அமுக்காக அமுக்கிப் பிடித்தபடி நிற்கும்வரை விடாமல் இருங்கள். சாவி வைத்த கார் என்றால் சாவியைப் பின்னால் முழுக்கத் திருப்பி உருவக் கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். மறுபடி ஸ்டார்ட் செய்ய லீவர் நியூட்ரலில் இருக்க வேண்டும். டிரைவிலோ ரிவர்ஸிலோ ஸ்டார்ட்டர் சுற்றாது.

இந்த இடத்தில் கொஞ்சம் பழங்கதை. 1940 மாடல் கார்களோடு பெரிய அளவில் விற்பனைக்கு வந்த ஹைட்ராமேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ரிவர்ஸ் கடைசியில், லோ கியருக்கு அடுத்த வீட்டிலேயே இருந்தது. நடுவில் நியூட்ரல் கிடையாது. லோவுக்கு இழுக்கப்போய் ரிவர்ஸில் விழுவது எவ்வளவு சுலபம் என்று பாருங்கள். முன்னோக்கிப் போகும் கியருக்கும் ரிவர்ஸுக்கும் நடுவில் நியூட்ரல் இருந்தே ஆக வேண்டும் என்று அமெரிக்காவில் 1968 ஜனவரி 1 முதல் விதியே போட்டார்கள். நம் லீவரில் பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் என்ற வரிசை சும்மா வந்ததில்லை. நடுவில் நிற்கும் அந்த நியூட்ரல் ஒரு வேலி.

நிறுத்திய பிறகு

ஓரம் கட்டியாயிற்று. ஹேண்ட்பிரேக், பார்க், அபாய விளக்கு. எஞ்சினை அணைத்து ஒரு நிமிஷம் சும்மா இருங்கள். இந்த ஒரு நிமிஷம் காருக்கு இல்லை, உங்கள் கைநடுக்கத்துக்கு. என் மகள் அந்த நேரத்தில்தான் "அம்மா, என்ன பண்ணின?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

பிறகு ஸ்டார்ட் செய்து, மஞ்சள் எச்சரிக்கை விளக்கு ஏதாவது அணையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டு ரிவர்ஸ் போடுங்கள். ஒரு நொடிக்குள் 'தொம்' என்று மெல்ல ஒரு அசைவு வந்து கியர் பிடிக்க வேண்டும். இரண்டு நொடி தாண்டியும் ஒன்றும் நடக்கவில்லை என்றாலோ, இரும்பு இடிக்கும் சத்தம் வந்தாலோ அங்கேயே நிறுத்திக்கொண்டு இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். சரியாகப் பிடித்தால், பின்னால் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு ஒரு கார் நீளம் பின்னால் போய் முழுசாக நின்று, டிரைவ் போட்டு ஒரு கார் நீளம் முன்னால் வாருங்கள்.

ஓட்டிக்கொண்டு போகும்போது ஆர்பிஎம் முள்ளின் மேல் ஒரு கண் இருக்கட்டும். முள் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது என்று அர்த்தம். சிவிடி காரில் மட்டும் இந்தச் சோதனை ஏமாற்றும், அது எப்போதுமே முள்ளை முன்னால் ஏற்றிவிட்டு வேகத்தைப் பின்னால் கூட்டிவரும். எவ்வளவு மிதித்தாலும் ஒரே கியரில் முக்கிக்கொண்டு போனால், கம்ப்யூட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் முறைக்குப் போய்விட்டது, மெதுவாக ஒர்க் ஷாப்புக்கு ஓட்டுங்கள். பிழைக் குறியீடு படிக்கும் கருவி வைத்திருந்தால் பி0700 என்று வருகிறதா பாருங்கள். அது கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் ஏதோ சொல்ல விரும்புகிறது என்பதற்கான பொது அறிவிப்பு. பக்கத்தில் வரும் இன்னொரு குறியீடுதான் விஷயத்தைச் சொல்லும். பி0730 என்றால் கியர் விகிதம் சரியாக அமையவில்லை என்று பொருள்.

இரவு நிறுத்தும் இடத்தில் காருக்கு அடியில் ஒரு அட்டையைப் போட்டு வையுங்கள். காலையில் சிவப்பாகவோ பழுப்பாகவோ எண்ணெய்ப் பொட்டு இருந்தால் கியர் ஆயிலாக இருக்கலாம். அதைவிட மூக்கு நல்ல மெக்கானிக். கியர் ஆயில் கருகினால் வரும் கசப்பு நெடியை ஒரு முறை முகர்ந்தவர் மறக்க மாட்டார்.

மெக்கானிக் பிடித்த வேறு தப்பு

எனக்குத் தூக்கம் வராமல் மறுநாளே காரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். வயதான மெக்கானிக். கதையைக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"வண்டி அணைஞ்சுச்சாம்மா?"

"இல்லண்ணே. பீப் சத்தம் வந்துச்சு."

"அப்ப ஒண்ணும் ஆகல. அது கியரே போடல." கருவியை மாட்டிப் பார்த்தார், குறியீடு ஒன்றும் இல்லை. "சரி, வண்டியைத் திருப்பி வெளிய விடுங்க" என்றார்.

இடம் குறுகல். ரிவர்ஸ் எடுத்தேன், ஸ்டீயரிங்கை ஒடித்தேன், கார் பின்னால் உருண்டுகொண்டிருக்கும்போதே டிரைவுக்கு இழுத்தேன். ஒரு சின்னக் குலுக்கலோடு முன்னால் வந்தது. எப்போதும் அப்படித்தான் செய்வேன். அவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"நேத்து முப்பத்தஞ்சுல போட்டது வண்டிக்கு உறைக்கலம்மா. இப்ப போட்டீங்களே, இது உறைக்கும்."

கம்ப்யூட்டர் காப்பாற்றுவது அதன் எல்லை வேகத்துக்கு மேலேதான். அதற்குக் கீழே, நான்கு ஐந்து கிலோமீட்டரில் உருளும்போது கேட்டால் கொடுத்துவிடும். அப்போது பின்னால் போகிற ஒன்றரை டன் காரை நிறுத்தி முன்னால் திருப்பும் வேலையைக் கியர்பாக்ஸுக்குள் எண்ணெயில் ஊறிக்கிடக்கும் மெல்லிய கிளட்ச் தகடுகள் செய்கின்றன. அது பிரேக்கின் வேலை. பிரேக் பேட் தேய்ந்தால் சக்கரத்தைக் கழற்றி மாற்றிவிடலாம். கிளட்ச் தகடு தேய்ந்தால் கியர்பாக்ஸையே இறக்கிப் பிரிக்க வேண்டும். தேய்ந்த தூள் எண்ணெயில் கலந்து வால்வுகளுக்கும் போகும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டும் ஒவ்வொரு குலுக்கலுக்கும் கொஞ்சம் கிழியும். நாளைக்கு நான்கு தடவை பார்க்கிங்கில் இப்படிச் செய்தால் வருஷத்துக்கு ஆயிரத்துக்கு மேல் வருகிறது. சாலையில் ஒரு தடவை பயந்துபோய் ஓடிவந்தவள், வீட்டு வாசலில் தினமும் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அவர் சொன்ன முறை எளிது. பிரேக்கை அமுக்கி, கார் நின்ற பிறகு ஆடும் அந்தக் கடைசிச் சின்ன ஆட்டமும் அடங்கட்டும். அப்புறம் கியர். அடுத்த கியர் பிடித்த அசைவு தெரிந்த பிறகுதான் பிரேக்கிலிருந்து கால். சேற்றில் மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டி எடுக்கும்போதும் இதேதான். சென்சார் எண்ணுவது தண்டின் சுற்றை. கார் நின்ற இடத்திலேயே நின்றாலும், சக்கரம் சேற்றில் சுழன்றுகொண்டிருந்தால் அது ஓடுகிற கார் என்றுதான் கம்ப்யூட்டருக்குத் தெரியும், ரிவர்ஸைத் தராது. சக்கரம் நிற்கட்டும்.

பழைய கையை மறக்கடிப்பது

மேனுவலிலிருந்து மாறியவர்களுக்கு இதுதான் முக்கியம். இடது காலை முதலில் வேலையிலிருந்து நீக்குங்கள். குதிகாலை இருக்கைப் பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஓரத்தில் கால் வைக்கும் மேடையில் வைத்துவிடுங்கள். எதிரே நீட்டி வைத்திருந்தால் அது கிளட்ச்சைத் தேடும், கிடைப்பது பிரேக்காக இருக்கும்.

லீவர் கை வைத்துக்கொள்ளும் இடம் இல்லை. டிரைவ் போட்டவுடன் கை ஸ்டீயரிங்குக்குப் போய்விட வேண்டும். சிக்னலில் நியூட்ரலுக்குத் தள்ளும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். டிரைவிலேயே பிரேக் பிடித்து நிற்கலாம், காருக்கு ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு சிக்னலிலும் லீவரைத் தொடுவது தப்பு நடக்க ஒவ்வொரு வாய்ப்பு.

ஓட்டத்தில் நியூட்ரல் தேவைப்பட்டால் லீவரைப் பிடிக்காதீர்கள். விரல்களை விரித்து உள்ளங்கையால் தள்ளுங்கள். பொத்தான் அமுங்காததால் லீவர் நியூட்ரலில் முட்டி நின்றுவிடும், ரிவர்ஸுக்குப் போகவே வழியில்லை. இந்த ஒரு பழக்கம் வந்திருந்தால் எனக்கு அந்தப் பதினோராம் நாள் வந்திருக்காது. பொத்தான் இல்லாமல் கோணல்மாணலாக வெட்டிய பாதையில் நகரும் லீவர் என்றால் அந்த வளைவே தடுக்கும். சில கார்களில் கியர் ஸ்டீயரிங்கின் வலப்பக்கக் குச்சியில் இருக்கும். வலது கையால் இண்டிகேட்டர் போட்டுப் பழகியவர் அதைத் தட்டிவிடுவார், திருப்பத்தில் கார் நியூட்ரலுக்குப் போய்விடும். வட்டக் குமிழ், தள்ளினால் திரும்ப நடுவுக்கே வந்துவிடும் குட்டி லீவர் இவற்றில் கைக்கு அடையாளமே தெரியாது. மீட்டர் எழுத்தைப் பார்த்த பிறகே காலை எடுக்க வேண்டும்.

பயிற்சிக்கு ரோடு வேண்டாம். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் இழுத்து, எஞ்சினை ஓடவிடாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, பிரேக்கை அமுக்கிக்கொண்டு லீவரை நகர்த்துங்கள். உள்ளங்கையால் நியூட்ரல், இரண்டு விரலால் டிரைவ். ரிவர்ஸுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் பொத்தானைத் தொடுமுன் வாய்விட்டு "நின்னாச்சு" என்று சொல்லுங்கள். முதல் நாள் அசட்டுத்தனமாக இருக்கும். நான் ஒரு வாரம் தினமும் 20 தடவை செய்தேன்.

போன மாதம் என் தம்பி காரைக் கேட்டான். அவன் ஓட்டியதெல்லாம் மேனுவல். சாவியைக் கொடுக்குமுன் பத்து நிமிஷம் நின்ற காரில் உட்காரவைத்தேன். "எனக்குத் தெரியாதாக்கா" என்றவனின் இடது கால் அதற்குள் இரண்டு தடவை பிரேக்கை மிதித்திருந்தது. பின் இருக்கையிலிருந்து மகள் எண்ணிக்கொண்டிருந்தாள். "மூணு, மாமா" என்றாள்.